பதினொரு மாதக் காகிதமும் 'லீஸ்' பணமும்

ஒரு வீட்டைக் கட்டி முடிக்க நம்மவர் படும் பாடு கொஞ்சமன்று. கொழும்பிலும் பினாங்கிலும் சிந்திய வியர்வை ஒரு தலைமுறையில் சுவராயிற்று. துபாயிலும் ஜித்தாவிலும் சிந்திய வியர்வை அடுத்த தலைமுறையில் மாடியாயிற்று. மணலைக் கையில் அள்ளிப் பார்த்து, மரத்தின் வைரத்தைத் தட்டிப் பார்த்து, கொத்தனாருடன் ஓயாது வாதாடி எழுப்பிய வீடு அது. அவ்வீட்டை மற்றொரு குடும்பத்தின் கையில் ஒப்படைக்கும் நாளிலோ, நமது கவனம் எங்கோ பறந்துவிடுகிறது. முத்திரைத்தாள் விற்பவரின் கடையில் முன்பே ஆயத்தமாக இருக்கும் ஒரு படிவம். அதில் பெயரும் தெருவும் தொகையும் மட்டும் மாறும். "எல்லாரும் போடுவதுதானே, போட்டுவிடுங்கள்" என்கிறோம். படித்துப் பார்ப்பதுமில்லை. சாவிக்கொத்து கை மாறுகிறது. காகிதம் பீரோவுக்குள் போகிறது.

எந்த ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வியே நம் இல்லங்களில் எழுவதில்லை. எழாமையின் விளைவாக இரண்டு தீய வழக்கங்கள் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றன. ஒன்று, பதினொரு மாதக் காகிதம். மற்றொன்று, 'லீஸ்' என்று நாகரிகப் பெயர் சூட்டப்பட்ட ஒத்தி. முன்னது அறிவீனம்; பின்னது அதனினும் கொடியது. இரண்டுக்கும் தாய் ஒன்றே: பதிவு அலுவலகத்தின் படியேற நாம் கொண்டுள்ள அச்சம்.

பதினொரு மாதம் என்னும் இந்த எண் எங்கிருந்து வந்தது? மார்க்கம் சொன்னதா? வழக்கறிஞர் பெருமக்கள் ஆய்ந்து கண்டதா? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தனது 107ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு எழுதப்படும் குத்தகை பதிவுப் பத்திரத்தின் வழியாகவே நிகழ வேண்டும் என்று கூறிற்று. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதனை உறுதி செய்தது. ஓராண்டைத் தாண்டினால்தானே பதிவு? ஒரு மாதத்தைக் குறைத்து எழுதிவிட்டால் சார்பதிவாளரையும் காண வேண்டாம், முத்திரைத் தீர்வையும் மிச்சம். இந்தச் சாமர்த்தியத்தின் முழு வரலாறும் இவ்வளவே. இதற்குள் வீட்டுக்காரரைக் காக்கும் மந்திரம் ஏதும் மறைந்திருக்கவில்லை.

ஆனால் நம்மவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கின்றனர்? பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் குடியிருப்பவரை எழுப்பிவிடலாம் என்று நினைக்கின்றனர். இது எந்நாளும் உண்மையாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீடு கிடைக்காமல் மக்கள் அலைந்ததன் பின்விளைவாகச் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன; 1946, 1949 என்று வந்து, 1960ஆம் ஆண்டின் சட்டமாக நிலைபெற்றன. அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், காகிதத்தில் எழுதிய காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற இயலாது. வேண்டுமென்றே வாடகை தராமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளருக்கே வீடு தேவைப்படுதல் என்று சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்திய குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுடைய பீரோவிலும் பதினொரு மாதக் காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது.

இன்று அந்தச் சட்டமும் இல்லை. வீட்டுரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 அன்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து, பழையதை அகற்றிவிட்டது. புதிய சட்டத்தின் 4ஆம் பிரிவு, எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்கிறது. எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதினொரு மாதமா, பதினொரு ஆண்டா என்று அது பார்ப்பதில்லை. பதிவு பெறாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்கும் தடை விதிக்கிறது. ஆக, எந்தப் பதிவிலிருந்து தப்புவதற்காகப் பதினொரு மாதம் என்று எழுதினோமோ, அந்தத் தப்பும் வழியே அடைபட்டுவிட்டது. வாசல் அடைபட்ட பின்னும் சுவரில் முட்டிக்கொண்டிருப்பானேன்?

சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓராண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்திற்குப் பின்னது போதும். ஓராண்டைத் தாண்டினால் இரண்டும் வேண்டும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று எழுதிக்கொண்டு பதிவு செய்யாமல் விடுகின்றனர். கேரளத்திலிருந்து சென்ற இத்தகைய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு என்று எழுதிப் பதிவு செய்யாத பத்திரம் ஐந்தாண்டுக் குத்தகையை உண்டாக்காது. ஆயினும் இடம் ஒப்படைக்கப்பட்டு வாடகையும் வாங்கப்பட்டிருப்பதால் மாதந்தோறும் தொடரும் குத்தகை ஒன்று உண்டாகிவிடுகிறது என்பது அதன் சாரம். வீட்டுக்காரருக்கு ஐந்தாண்டின் உறுதி இல்லை, குடியிருப்பவருக்கும் இல்லை. எழுதிய கை வலித்ததுதான் மிச்சம்!

மும்பையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சொன்னார் என்று 'லீவ் அண்ட் லைசென்ஸ்' எனத் தலைப்பிட்ட படிவத்தை எடுத்துவந்து பயன்படுத்துவோரும் உளர். அங்கே 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கென்று இடம் வகுத்திருக்கிறது. இங்கே அந்தத் தலைப்பு மட்டும் எதையும் சாதிக்காது. ஒரு பத்திரத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்வதில்லை, அதன் உள்ளடக்கம் எதை உண்டாக்குகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

"நமக்குள் எழுத்து எதற்கு? அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், ஐந்து வேளையும் பள்ளியில் பார்க்கிறோம்" என்று பெருமிதத்தோடு கூறுவோருக்கு ஒரு சொல். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் எப்படி எழுத வேண்டும், வாசகத்தை யார் சொல்ல வேண்டும், சாட்சிகள் எத்தனை பேர், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்புறலாகாது என்பது வரை விரித்துரைக்கும் வசனம் அது. அது இறங்கியது யாருக்கு? ஒருவரையொருவர் நம்பாத கூட்டத்தாருக்கா? ஸஹாபாப் பெருமக்கள் வாழ்ந்த மதீனாவுக்கல்லவா? அவர்களுக்கே எழுத்து வேண்டியிருந்தது. நமது முஹல்லாவுக்கு வேண்டாமாம்!

ஃபிக்ஹு நூல்களில் வாடகைக்கு 'இஜாரா' என்று தனிப் பாடமே உண்டு. வாடகை இவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். காலம் இவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அனுபவிக்கும் பயன் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். தெளிவின்மை புகுந்தால் ஒப்பந்தமே பழுதாகும். மேலும் ஒன்று உண்டு. இரு தரப்பாரில் ஒருவர் மவுத்தானால் குத்தகை என்னாகும்? ஹனஃபி மத்ஹபில் அது அத்துடன் முடிந்துவிடும். ஷாஃபி மத்ஹபில் குறித்த காலம் வரை தொடரும். கடலோர ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் பெரும்பாலோராக வாழும் தமிழகத்தில், காயல்பட்டினத்துக்காரர் வீட்டில் கம்பத்துக்காரர் குடியிருக்கும் காலம் இது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, குடியிருப்பவர் இறந்தால் எஞ்சிய காலத்திற்கு அவருடன் வாழ்ந்துவந்த குடும்பத்தாருக்கு உரிமை செல்லும் என்கிறது. இவ்வளவு கருத்து வேற்றுமை உள்ள ஓரிடத்தைப் பற்றிக் கடைப் படிவத்தில் ஒரு வரியேனும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

இனி ஒத்திக்கு வருவோம். தென் மாவட்டங்களில் ஒத்தி, வேறு சில இடங்களில் போக்கியம், சென்னையில் லீஸ். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொள்கிறார்; பணம் தந்தவர் வாடகையின்றிக் குடியிருக்கிறார்; காலம் முடிந்ததும் பணம் முழுவதும் திரும்புகிறது, வீடும் திரும்புகிறது. "வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை" என்று இரு தரப்பாரும் மகிழ்ந்துகொள்கின்றனர்.

வட்டி இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போமே. மாதம் 10,000 ரூபாய் வாடகைக்குப் போகக்கூடிய ஒரு வீட்டை 8,00,000 ரூபாய்க்கு ஒத்தி வைத்ததாகக் கொள்வோம். ஓராண்டில் வீட்டுக்காரர் இழந்த வாடகை 1,20,000 ரூபாய். எட்டு லட்சம் கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினைந்து! வங்கியின் வாசலில் வீட்டுக் கடனுக்கு நிற்பவன்கூட இவ்வளவு கொடுப்பதில்லை. கடன் கொடுத்தவர் தம் எட்டு லட்சத்தைக் காசு குறையாமல் திரும்பப் பெறுகிறார். அதற்கு மேல் மூன்றாண்டு வாழ்ந்த வாழ்வு அவருக்கு இலாபம். கடனை முன்னிட்டுக் கடன் கொடுத்தவருக்கு வாய்க்கும் நிபந்தனைப் பயனுக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். அடமானப் பொருளை வைத்திருக்கலாம். அதன் பயனைக் கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டு உண்ணலாகாது. வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டியை வாங்கத் தயங்கிப் பள்ளிவாசல் இமாமிடம் மஸ்அலா கேட்கும் அதே பெரியவர், அதே பணத்தை எடுத்து ஒத்திக்கு வீடு பிடித்துக்கொண்டு மனநிறைவோடு குடியேறுகிறார். என்ன விந்தை!

"பெயருக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை வைத்துக்கொண்டோம்" என்பார் சிலர். பத்தாயிரம் பெறும் வீட்டுக்கு நூறு ரூபாய் வாடகை எதற்காகக் குறைந்தது? எட்டு லட்சத்துக்காக. அந்த நூறு ரூபாய் யாரை ஏமாற்ற? "இரு தரப்பும் மனம் ஒப்பியதுதானே" என்பார் வேறு சிலர். மார்வாடிக் கடையில் நகையை வைப்பவளும் மனம் ஒப்பித்தான் வைக்கிறாள். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர் இசைவு தந்த 'பைஉல் வஃபா'வைக் காட்டுவோரும் உளர். அது விலைப் பணத்தைத் திருப்பித் தந்தால் பொருளைத் திருப்பித் தருவதாக வாக்களித்துச் செய்யும் விற்பனை. நம் தெருக்களில் ஒத்திக்கு விடும் எவரும் வீட்டை விற்றதாக எழுதுவதில்லையே! அந்த வாயிலையும்கூட 1992ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஆராய்ந்து, உண்மையில் அது பயனீட்டும் கடனே என்று கூறி ஏற்க மறுத்துவிட்டது.

மார்க்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும் நிலைமை நல்லதாக இல்லை. 'லீஸ்' என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் குத்தகையே அன்று. பணத்துக்கு ஈடாக வீட்டை ஒப்படைத்து, வாடகைக்குப் பதிலாக அதன் பயனை அனுபவிக்க விடுவது, 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு கூறும் அனுபவ அடமானம். அடுத்த பிரிவு என்ன சொல்கிறது? கடன் தொகை 100 ரூபாயாக இருந்தாலும், அத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளுடன் பதிவுப் பத்திரமாக எழுதப்பட வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் முன்னே வாழ்ந்தவர்கள் நூறு ரூபாய்க்குப் பதிவு வேண்டும் என்றனர். நாம் எட்டு லட்சத்தைச் சில்லறை முத்திரைத்தாளில் எழுதி, 'வாடகை ஒப்பந்தம்' என்று தலைப்பிட்டு, அட்டையில் வைத்துக் கட்டிவிடுகிறோம்.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? வீட்டின் மீது வங்கிக் கடன் இருப்பதைச் சொல்லாமல் ஒத்திக்கு விட்டவர் தவணை கட்டத் தவறினால், வங்கி 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தைக் கொண்டு வந்து கதவில் அறிவிப்பை ஒட்டுகிறது. உள்ளே குடியிருப்பது, கணவரின் சவூதிச் சம்பாத்தியம் முழுவதையும் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண். பதிவில்லாத காகிதத்தை அவள் எவரிடம் காட்டுவாள்? காலி செய்யும் நாளில் வீட்டுக்காரரிடம் பணம் இல்லாதிருப்பதும் அன்றாடக் கதை. மூத்த மகளின் வீட்டை ஒத்தி வைத்து இளைய மகளின் கைக்கூலியைக் கொடுத்தவரிடம் பணம் எப்படி இருக்கும்? "அடுத்த ஆள் வந்து பணம் தந்தால் தருகிறேன்" என்கிறார். அடுத்த ஆளின் பணத்தால் முந்திய ஆளின் கடன் அடைகிறது. வீடு தன் உடையவருக்கு ஒரு காசு சம்பாதித்துத் தராமலே பத்தாண்டு கழிகிறது.

பெருந்தொகை தேவைப்படும் நேரம் எந்தக் குடும்பத்துக்கும் வரும், மறுக்கவில்லை. மருத்துவமனைச் செலவு, விசாவுக்குப் பணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்கு ஒத்தி ஒன்றே வழி என்பதைத்தான் மறுக்கிறோம். ஈராண்டு அல்லது மூன்றாண்டு வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வீட்டை விடலாமே! மேற்சொன்ன வீட்டுக்கு மூன்றாண்டு வாடகை 3,60,000 ரூபாய். மொத்தமாகத் தருவதற்காகச் சிறிது குறைத்துக்கொண்டாலும் அது வாடகையே; கடன் அன்று. வாடகை தெரிந்தது, காலம் தெரிந்தது, முன்பே கொடுப்பது இஜாராவில் ஆகும். காலம் முடிந்தால் வீடு திரும்பும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்று ஒன்று தலைமேல் தொங்காது. இடையில் குடியிருப்பவர் போக நேர்ந்தால் எஞ்சிய மாதங்களின் வாடகை எத்தனை நாளில் திரும்பும் என்பதை மட்டும் எழுதிவிட வேண்டும். ஓராண்டைத் தாண்டுவதால் இதனைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். எட்டு லட்சம் கிடைக்கும் இடத்தில் மூன்றரை லட்சம்தானா என்று முகம் சுளிப்போர், அந்த எட்டு லட்சம் தமது பணமல்ல என்பதை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

மாத வாடகைக்கு விடுவோரும் இதுவரை சொன்னவற்றால் தாம் தப்பிவிட்டதாக எண்ணலாகாது. அவர்களுக்கு முன்பணம் என்னும் ஒரு நோய் உண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கமாகி, மற்ற நகரங்களுக்கும் பரவிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது; குடியிருப்பவர் காலி செய்த ஒரு மாதத்திற்குள், அவர் தர வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பத்து மாதப் பணத்தைப் புதிதாய் வேலைக்கு வந்த ஓர் இளைஞன் எங்கிருந்து கொண்டுவருவான்? வட்டிக்கு வாங்கிக் கொண்டுவருகிறான். வட்டியை வெறுக்கும் நாம், நமது வாசலில் ஒருவனை வட்டிக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தை வாங்கிப் பெட்டியில் வைக்கிறோம்.

காலி செய்யும்போது நடப்பது இதைவிட அழகு. "சுவரெல்லாம் அழுக்கு; சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்கிறேன்." ஐந்தாண்டு ஒரு குடும்பம் வாழ்ந்த சுவரில் அழுக்கு இராமல் அத்தரா மணக்கும்? வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தெளிவாகக் கூறுகிறது. குழாய் வாசர் மாற்றுவது, சுவிட்சு பழுது பார்ப்பது, உடைந்த கண்ணாடி போடுவது போன்றவை குடியிருப்பவருக்கு. ஃபிக்ஹும் இதற்கு மாறாகப் பேசவில்லை. வாடகைக்கு எடுத்தவன் கையில் வீடு அமானிதம். அவன் வரம்பு மீறாமலும் கவனக்குறைவு இன்றியும் இருந்தால், தேய்மானத்துக்கு அவன் ஈடு தர வேண்டியதில்லை. அவன் கையில் இருக்கும் வீட்டை அமானிதம் என்று நினைவூட்டத் தவறாத நாம், நம் கையில் இருக்கும் அவனுடைய முன்பணத்தை என்ன செய்தோம்? வாங்கிய வாரமே செலவழித்துவிட்டோமே!

ஆகவே குடிவரும் நாளிலேயே மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, எந்தச் சுவரில் முன்பே விரிசல், மின்கணக்கி காட்டும் எண் என்ன என்பதைப் பட்டியலாக எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்வது நூறு சண்டைகளைத் தவிர்க்கும். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்பதையும் அங்கேயே எழுதலாம். வீட்டைப் பார்வையிட வர வேண்டுமானால் 24 மணி நேரத்திற்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. பெண்கள் திரையோடு வாழும் வீடுகளைக் கொண்ட சமுதாயத்துக்கு இதனைச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது! வாடகை தாமதமானால் மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை அடைக்கும் வீரர்களும் நம்மிடையே இருக்கின்றனர். இன்றியமையாத வசதிகளைத் துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை.

பெருநகரங்களில் பெயரைக் கேட்டவுடன், "வீடு இல்லை" என்று கதவடைக்கப்பட்ட நம் இளைஞர்கள் எத்தனை பேர்! அந்த அவமானத்தைப் பற்றி நமது மேடைகளில் உருக்கமாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் வீடு மறுக்கப்படுவதன் வேதனையை நம்மைப் போல் அறிந்த ஒரு சமுதாயம், வீடு கொடுக்கும் இடத்தில் அமரும்போது யாருக்கு மறுக்கிறது, எவ்வளவு கேட்கிறது, எதை எழுத மறுக்கிறது என்பதையும் அதே மேடையில் பேசினால் என்ன?

கையெழுத்திடுவது யார் என்பதையும் நாம் பொருட்படுத்துவதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண் மக்களுக்குக் கொடுப்பது வழிவழி வந்த வழக்கம். பத்திரம் மகளின் பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தில் மருமகன் ஒப்பமிடுவார். வாடகை மாமனார் கையில் சேரும். மனைவியின் சொத்தில் கணவனுக்கு மார்க்கம் எந்த உரிமையையும் தானாக வழங்கிவிடவில்லை. நாட்டுச் சட்டமும் வழங்கவில்லை. உரிமையில்லாதவர் இட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு நாளை வழக்காடுவது எப்படி? உடையவர் அயல்நாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். "மச்சான், நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது அதிகாரப் பத்திரம் ஆகாது.

இவ்வளவுக்கும் பின்னால் சொல்லப்படாத ஒரு காரணம் உண்டு. பதிவு செய்தால் வருமான வரிக்குக் கணக்குத் தெரிந்துவிடும் என்பது அது. வாடகை வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொண்டே வரி கணக்கிடப்படுகிறது என்பதும், வேறு வருமானம் இல்லாத பெண்கள் பலருக்கு வரியே வராது என்பதும் தெரியாமல், பாதி வாடகையைக் காகிதத்தில் எழுதி மறுபாதியைக் கையில் வாங்குகின்றனர். இரண்டு சாட்சிகளையும் அந்தப் பொய்யின் கீழ் ஒப்பமிட வைக்கின்றனர். மறுமைக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். எழுதியது 6,000, வாங்குவது 12,000 என்றால், குடியிருப்பவர் ஏதோ ஒரு மனத்தாங்கலில் 6,000 மட்டும் அனுப்பத் தொடங்கும் மாதத்தில், வீட்டுக்காரர் எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போவார்?